ரோஸ்மேரி அக்கா சரிபார்த்த திண்டுக்கல்

ரோஸ்மேரி அக்கா யாரையும் லேசில் நம்பமாட்டார். பால்காரர் ஊற்றி முடித்ததும் விரலை விட்டு எடுத்து, சொட்டு எப்படி விழுகிறதென்று பார்த்த பிறகுதான் அவரைப் போகவிடுவார். பூசைக்குப் போனால் செருப்பைக் கோயில் வாசலில் கழற்றிப்போடமாட்டார். பைக்குள் போட்டுக் கையோடு கொண்டுபோவார். "மாதா பாத்துக்கிரமாட்டாகளாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "மாதாவுக்கு ஆயிரம் வேல. என் செருப்புக்குக் காவலா நிக்கப்போறாக?" என்றார்.

மாரியநாதபுரத்தில் அவர் வீட்டின் முன்னறைதான் தையல்கடை. அதற்கு அடுத்த கதவு என்னுடைய எஸ்.டி.டி. பூத். மாரியநாதபுரத்தில் ஜாக்கெட் தைப்பவர்கள் பலர் இருந்தும், பேகம்பூரிலிருந்தும் நாகல் நகரிலிருந்தும் பெண்கள் அக்காவைத் தேடி வந்தார்கள். கை இறக்கமும் கழுத்தும் சொன்னது சொன்னபடி இருக்கும். துணி கொண்டுவருகிறவர்கள் ஊர்ச்செய்தியையும் கொண்டுவருவார்கள். அக்கா அதையும் அளவெடுத்துத்தான் நம்புவார்.

அவர் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸ். தெருவில் யாரும் அந்தப் பெயரை முழுசாகச் சொன்னதில்லை, தனிஸ் அண்ணன்தான். வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல்மில்லில், பஞ்சை அடித்துச் சீவுகிற பிரிவில் இருபது வருடமாக வேலை. மிஷின் இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி ஓயாத இருமல். அதிகம் பேசமாட்டார். மகள் மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

1999-இல், ஈஸ்டர் முடிந்த சமயம். கொல்லைப்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"ஆனந்தி, செத்த இங்க வா. இந்தச் சட்டைய நல்லாப் பாரு."

தனிஸ் அண்ணனின் நீலச்சட்டை. உதறிப் பார்த்தேன். "என்னக்கா, கிழிஞ்சிருக்கா?"

"பஞ்சு எங்கடி?"

அப்போதுதான் உறைத்தது. அண்ணனின் சட்டைகளை அக்கா இருபது வருடமாகப் பஞ்சோடுதான் துவைத்திருக்கிறார். தையல் இடுக்கு, பை, காலர் மடிப்பு என எங்கே கைவிட்டாலும் வெள்ளையாக வரும். இப்போது சுத்தமாக இருந்தது. அக்கா பேண்ட்டின் அடிமடிப்பை விரித்துக் காட்டினார். நாயுருவி விதைகள் வரிசையாக ஒட்டியிருந்தன.

"மில்லுக்குள்ள நாயுருவி மொளைக்குதா?"

"வர்ற வழியில ஒதுங்கியிருப்பாரு."

"தெனமுமா ஒதுங்குவாரு? ஆளு வேற வெயில்ல நின்ன மாதிரி கறுத்துட்டாரு. மில்லுக்குள்ள எங்கிட்டுடி வெயிலு? இருமலும் கொறஞ்சுபோச்சு."

"இருமல் கொறஞ்சா சந்தோசப்பட வேண்டியதுதானக்கா."

"மருந்தில்லாமக் கொறயுற இருமலுக்குப் பின்னாடி எவளோ இருக்கா" என்றார் அக்கா. சட்டையை அவர் பிழிந்த பிழியில் பித்தான் ஒன்று தெறித்து விழுந்தது.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் அந்த வாரமே பேகம்பூர்ப் பக்கத்திலிருந்து ஜாக்கெட் வாங்க வந்த மகேஸ்வரி, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "ஒங்க வீட்டுக்காரர நேத்து மத்தியானம் எங்க தெருவுல பாத்தேங்க்கா. சைக்கிள்ல போனாரு. கூப்பிட்டேன், காதுல விழுகல."

மில் இருப்பது ஊருக்கு வடக்கே. பேகம்பூர் தெற்கே. பகல் ஷிஃப்டில் இருக்கிற மனிதருக்கு மத்தியானம் அங்கே என்ன வேலை?

அன்று சாயங்காலம் விசாரணை நடந்தது. அவர் காதுக்காக அக்கா உரக்கக் கேட்க வேண்டியிருந்ததால், என் பூத்தில் மதுரைக்குப் பேசிக்கொண்டிருந்தவர்கூட ரிசீவரைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"நேத்து மத்தியானம் எங்க இருந்தீக?"

"மில்லுலதான்."

"சோறு எங்க சாப்ட்டீக?"

"மில்லுலதான்."

"என்ன வெஞ்சனம் வச்சிருந்தேன்?"

"அவரைக்காப் பொரியல். உப்புக் கம்மி."

கடைசிப் பதில் மட்டும் உண்மை என்பது அக்காவுக்குத் தெரியும். மற்ற இரண்டும் அவரைத் தூங்கவிடவில்லை. மறுநாள் கடை திறந்ததும் என் பூத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார். "மில்லு நம்பரப் போடு. நான் பேசமாட்டேன், நீ பேசு. என் குரலு நடுங்கும்."

போட்டேன். டைம் ஆபீசில் யாரோ எடுத்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் வேலையில் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"எந்த ஸ்தனிஸ்லாஸு, பஞ்சு சீவுற எடத்துல இருந்தாரே, அவரா? அவரு நின்னு மாசக்கணக்காச்சேம்மா. புது மிஷினு வந்துச்சு, கொஞ்சப் பேரக் கணக்கு முடிச்சு அனுப்பிட்டாக. நீங்க யாரு பேசுறது?"

வைத்துவிட்டேன். சொன்னதை அக்காவிடம் அப்படியே சொன்னேன். அவர் அழவில்லை. சுவரில் ஒட்டியிருந்த எஸ்.டி.டி. கோடு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில சோத்துச் சட்டிய வாங்கிக்கிட்டு, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போறாரேடி" என்றார். என் பக்கம் திரும்பி, "சம்பளம்னு மாசாமாசம் கையில குடுக்குறாரே, அத யாரு குடுக்குறா?" என்றார். அதன்பிறகு அவர் மனசு எங்கெல்லாம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அங்கேதான் போனது.

மறுநாள் காலை என் தம்பியை பூத்தில் உட்காரவைத்துவிட்டு, என் டிவிஎஸ் வண்டியை எடுத்தேன். அக்கா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்ற மறந்துவிட்டார். நானும் பாதி வழியில்தான் பார்த்தேன், சொல்லவில்லை.

தனிஸ் அண்ணன் வடக்கே போகிற மாதிரிப் போய், திருப்பத்தில் மேற்கே ஒடித்து, கடைவீதிக்குள் நுழைந்தார். ஒரு இரும்புக்கடையில் இறங்கினார். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார். அப்புறம் ஒரு லாட்ஜ். அங்கேயும் அப்படித்தான்.

"பாத்தியா, எவளுக்கோ ரூம்பு கேக்குறாரு" என்று அக்கா என் தோளைக் கிள்ளினார்.

அங்கிருந்து மலைக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு தெற்கே போனார். பேகம்பூரும் தாண்டியது. தோல் பதனிடுகிற பழைய ஷாப்புகள் பூட்டிக்கிடக்கிற ஒரு நீளமான சந்து. ஆள் நடமாட்டமில்லை. காரை உதிர்ந்த காம்பவுண்டுச் சுவரில் ஒரு சின்னக் கதவு. சைக்கிளைச் சாத்திவிட்டு, தூக்குச்சட்டியோடு அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு தன் வீட்டுக்குள் போகிறவர் மாதிரி உள்ளே போனார்.

நாங்கள் கிட்டே போனோம். கதவோரம் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. பெண்கள் போடுவது.

"வண்டிய நிறுத்து" என்றார் அக்கா. நிறுத்தித்தான் இருந்தேன்.

உள்ளே வீடு எதுவும் இல்லை. தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டிகள் காய்ந்து வெடித்துக் கிடந்தன. இடுப்புயரத்துக்கு நாயுருவி. அதற்கு நடுவே ஒற்றையடித் தடம். தடம் முடிகிற இடத்தில் தரை சட்டென்று கீழே இறங்கியது.

திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்படி ஒரு கிணறு ஊருக்குள் இருப்பதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு கல்யாண மண்டபத்தின் அகலம். மூன்று பக்கமும் கல்படிகள். நாலாவது பக்கம் அடுக்கடுக்காக வளைவு வைத்த மாடங்கள். அடியில் பாசி நிறத்தில் தண்ணீர், ஆனால் தெளிவு. மேல்படியில் வயசான ஒரு பாய்வீட்டு அம்மா நிறைகுடத்தை இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். செருப்பு அவருடையது. கீழே, கடைசிப் படியில், தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு தனிஸ் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க!" என்று அக்கா கூப்பிட்டார். அவருக்குக் கேட்கவில்லை.

அக்கா கீழே இறங்கினார். நேராக அவரிடம் போகவில்லை. முதல் மாடத்துக்குள் எட்டிப் பார்த்தார். யாருமில்லை. இரண்டாவது. மூன்றாவது. தூண்களுக்குப் பின்னால். எல்லா மாடத்தையும் பார்த்து முடித்த பிறகுதான் போய் அவர் முன்னால் நின்றார்.

தனிஸ் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். முகம் செத்துவிட்டது. வாயைத் திறந்து அவர் கேட்ட முதல் வார்த்தை, "சாப்ட்டியா?"

அக்கா பொத்தென்று படியில் உட்கார்ந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வேலை போனதைச் சொல்ல அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது, மகளுக்குக் கொடுத்தனுப்ப அக்கா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாராம். வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தது அப்படியே தள்ளிப்போய்விட்டது. மில்லில் கணக்கு முடித்துக் கொடுத்ததைத்தான் சம்பளம் மாதிரிக் கொடுத்துவந்திருக்கிறார்.

"காலையில நாலு கடையில வேல கேப்பேன். வயசக் கேப்பான். அதுக்குள்ள இருமல் வந்துரும், போங்கன்னுருவான். அதுக்கப்புறம் ஷிஃப்டு முடியிற வரைக்கும் எங்கயாவது இருக்கணும்ல? டீக்கடையில உக்காந்தா தெரிஞ்ச ஆளு வரும். கோயில்ல உக்காந்தா சாமியாரு கேப்பாரு. தெரிஞ்ச மூஞ்சியே வராத எடமாத் தேடித்தேடிப் போனேன், ரோசு. இந்த ஊருல அம்புட்டு எடம் இருக்கு."

"எம்புட்டு?" என்றார் அக்கா.

"ஏகப்பட்டது."

"எல்லாத்தையும் காட்டுங்க. நான் பாக்கணும். பாத்தாத்தான் நம்புவேன்."

அதற்குள் அந்த இடத்தின் சொந்தக்காரர் அப்துல் சுக்கூர் பாய் சத்தம் கேட்டு வந்துவிட்டார். அக்கா அவரையும் விடவில்லை. "இவரு இங்க தனியாத்தான் வருவாரா பாய்?"

பாய் எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். "தனியாத்தான்மா வருவாரு. மொதல்ல நான்தான் சந்தேகப்பட்டேன், திருட வந்த ஆளோன்னு. இங்க திருடுறதுக்கு என்ன இருக்கு? சாப்புடுவாரு. படியில மொளச்ச செடியப் புடுங்கிப் போடுவாரு. போயிருவாரு."

அடுத்த இரண்டு வாரம் நாங்கள் திண்டுக்கல்லைப் பார்த்தோம். அதை ஊர் சுற்றுவது என்று சொல்லமுடியாது. போலீஸ் ஒரு திருடனைக் கூட்டிப்போய் 'எங்கடா ஒளிச்சு வச்ச' என்று கேட்பது மாதிரி. சாட்சிக்கு நான் வேண்டும் என்று அக்கா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

மலைக்கோட்டைக்கு எல்லோரும் முன்பக்கப் படியில் ஏறுவார்கள். அண்ணன் எங்களைப் பின்பக்கம் ஆடு ஏறுகிற தடத்தில் கூட்டிப்போனார். பாதி உயரத்தில் பாறை பிளந்து ஒரு சுனை. கோடையிலும் தண்ணீர். சின்னச்சின்ன வெள்ளைப் பூக்கள் மிதந்தன. அங்கே உட்கார்ந்தால் கீழே தென்னந்தோப்புகளும் பூந்தோட்டங்களும் தாடிக்கொம்புவரை விரிந்து கிடக்கும். எங்கோ எரியோட்டுப் பக்கம் மழை இறங்குவது சாம்பல் நிறத் திரை மாதிரித் தெரிந்தது. நான் வாய்பிளந்து நின்றேன். அக்கா அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒச்சம்மாளிடம் போய்விட்டார்.

"இவர இங்க பாத்திருக்கியாத்தா? கூட யாராச்சும் வருவாகளா?"

"ஒத்தையாத்தான் வருவாரு. எங்குட்டி ஒண்ணு பாறை இடுக்குல சிக்கிக்கிருச்சு, இந்த மனுசன்தான் படுத்துக் கைய விட்டு எடுத்துக் குடுத்தாரு. ஏன், என்ன பண்ணாரு?"

"அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் அக்கா.

இன்னொரு நாள், ஒரு புளிக்கிடங்குக்குப் பின்னால். கருவேல முள்ளை விலக்கிக்கொண்டு போனால், வெள்ளைக்காரர்கள் கல்லறை ஏழெட்டு. கோபுரம் மாதிரிக் கூம்பாகக் கட்டியவை. அவற்றில் ஒன்றின்மேல் வாடாத செவ்வரளிப் பூ.

அக்காவின் கண் அதில் போய் நின்றது. "இந்தப் பூவ யாரு வச்சா?"

"நான்தான்."

"யாருக்கு?"

"தெரியாது. இங்கிலீசுல எழுதியிருக்கு."

அக்கா என்னைப் பார்த்தார். குனிந்து, பாசியைச் சுரண்டி, எழுத்துக்கூட்டிப் படித்தேன். மேரி ஆன் என்று ஒரு பெயர். வயது பத்தொன்பது. செத்தது 1811.

"பொம்பளையா?" என்றார் அக்கா.

"எரநூறு வருசம் ஆகப்போகுதுக்கா!"

"இருக்கட்டும். பத்தொம்போது வயசுன்னு போட்டிருக்குல்ல?" அப்படிச் சொன்னவரே, கிளம்பும்போது அந்தக் கல்லின்மேல் சிலுவைக்குறி போட்டுவிட்டுத்தான் வந்தார்.

இப்படி இன்னும் சில. மூடிப்போன சுருட்டுக் கம்பெனியின் முற்றத்தில், சுவர் முழுக்க வேரால் அணைத்துக்கொண்டு நிற்கிற ஓர் ஆலமரம். அங்கே இன்னும் புகையிலை வாசம் அடித்தது. ரயில்வே யார்டைத் தாண்டி யாரும் ஏறாத ஒரு பழைய நடைபாலம். அதன் உச்சியில் நின்றால் சிறுமலை முழுசும் தெரியும். ஒவ்வோர் இடத்திலும் அக்கா யாரையாவது பிடித்துக் கேட்டார். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். தனியாக வருவார், தனியாகப் போவார்.

ஆனாலும் அக்கா கணக்கில் ஒன்று இடித்தது. திங்கள் கிணறு, செவ்வாய் சுனை என்று கிழமைவாரியாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், "வியாழக்கெழம எங்க?" என்றார்.

தனிஸ் அண்ணன் காது கேட்காதவர் மாதிரி இருந்தார். அக்கா இன்னும் உரக்கக் கேட்டார்.

"அது ஒண்ணுமில்ல, விடு."

"ஒண்ணுமில்லைனா காட்டுங்க."

"அத மட்டும் கேக்காத ரோசு" என்று எழுந்து போய்விட்டார்.

அணைந்த சந்தேகம் மறுபடி பற்றிக்கொண்டது. "பாத்தியா? இம்புட்டு எடத்தையும் காட்டுனது, அந்த ஒண்ண மறைக்கத்தான்" என்றார் அக்கா.

வியாழக்கிழமை மறுபடியும் வண்டியை எடுத்தேன். இந்தத் தடவை அவர் திரும்பவே இல்லை. நேராக வடக்கே, வேடசந்தூர் ரோட்டில், லாரிகளுக்கு ஓரமாக மிதித்துக்கொண்டு போனார். போய் நின்ற இடம் மில் வாசல்.

எதிர்ப்பக்கம் ஒரு புங்கமரம். சைக்கிளை அதில் சாத்திவிட்டு, சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டார். நாங்கள் சற்றுத் தள்ளி ஒரு டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் நின்றோம்.

வெள்ளைக் கார் ஒன்று வந்தது. தனிஸ் அண்ணன் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். கார் வேகம் குறையாமல் உள்ளே போனது. அவர் ரோட்டைக் கடந்துபோய் வாட்ச்மேனிடம் ஏதோ கேட்டார். வாட்ச்மேன் கையை விரித்தார். திரும்பி வந்து மரத்தடியில் நின்றுகொண்டார்.

"வாரா வாரம் வந்துருவாரும்மா" என்றார் டீக்கடைக்காரர், நாங்கள் கேட்காமலே. "வியாழக்கெழமதான் மேனேஜரு வருவாரு. மறுக்கா எடுத்துக்கச் சொல்லிக் கேக்குறாரு. கூட்டுற வேலையாச்சும் குடுங்கன்னு. பாவம், உள்ள இருக்கிறவன்லாம் எளந்தாரி. இவர எங்குட்டு எடுக்கப்போறான்?"

மில்லுக்குள்ளிருந்து வந்த இரைச்சல் தரை வழியாக எங்கள் காலுக்கு ஏறியது. அந்த இரைச்சலுக்குள் திரும்பப் போகத்தான் அந்த மனிதர் தலை வாரிக்கொண்டு நிற்கிறார்.

நான் வேண்டாமென்று சொல்வதற்குள் அக்கா ரோட்டில் இறங்கிவிட்டார். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போனது. அவரைப் பார்த்ததும் தனிஸ் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"வாங்க, போவோம்."

"இன்னும் செத்த நேரம், ரோசு. மேனேஜரு வெளிய வருவாரு."

"வரட்டும். எனக்குப் பசிக்குது. அந்தக் கெணத்தடிக்குப் போயிச் சாப்புடுவோம்."

"ஒனக்குச் சோறு?"

"ரெண்டு பேருக்கும் காணும். காலையில கூடத்தான் வச்சேன்."

அவர் சைக்கிளை எடுத்தார். அக்கா கேரியரில் ஏறி உட்கார்ந்தார். நான் அவர்கள் பின்னால் போகவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கஷ்டம்தான். அக்கா மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அண்ணன் காஜா எடுக்கவும் ஊக்கு வைத்துத் தைக்கவும் கற்றுக்கொண்டார். மகள் படிப்பை நிறுத்தவில்லை.

2001-இல் கல்யாண வீடியோ எடுக்கிற பிரபு, அவன் தங்கைக்கு ஜாக்கெட் வாங்க வந்தான். கல்யாணம் முடிந்ததும் ஜோடியை வெளியே கூட்டிப்போய்ப் படம் எடுப்பது அப்போதுதான் எங்கள் ஊரில் சூடுபிடித்திருந்தது. "எல்லா ஆல்பத்துலயும் அதே பார்க்கு, அதே ஊஞ்சலுக்கா. பொண்ணு வீட்டுக்காரங்க திட்டுறாங்க. இந்த ஊருல வேற என்ன இருக்கு?" என்று அலுத்துக்கொண்டான்.

அக்கா பெடலை நிறுத்தினார். உள்ளே திரும்பி உரக்கக் கூப்பிட்டார். "ஏங்க, இங்க வாங்க. இந்தப் பையன் இந்த ஊருல என்ன இருக்குன்னு கேக்குறான்."

சுக்கூர் பாய், படியில் செருப்போடு இறங்கக்கூடாது, தண்ணீரில் சோப்புப் படக்கூடாது என்ற இரண்டு நிபந்தனையோடு கிணற்றில் படம் எடுக்கச் சம்மதித்தார். படம் வந்தபோது மாப்பிள்ளையும் பெண்ணும் மாட வளைவுக்குள் நிற்க, கீழே தண்ணீரிலும் அப்படியே நின்றார்கள். ஆல்பத்தைப் பார்த்தவர்கள் வடநாட்டில் எடுத்ததா என்று கேட்டார்கள். பேகம்பூருக்குப் பின்னால் என்று சொன்னால் நம்பவில்லை. ஒரு பெண்ணின் தகப்பனார், பொய் சொல்கிறான் என்று பிரபுவோடு சண்டைக்கே போய், நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் அடங்கினார். அக்காவுக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போனது.

ஒன்றைத் தொட்டு ஒன்றாக வேலை வந்தது. கரூரிலிருந்தும் மதுரையிலிருந்தும்கூடப் படம் எடுக்கிறவர்கள் தனிஸ் அண்ணனைத் தேடி வந்தார்கள். காலை வெயில் எங்கே விழும், எந்தக் கல் வழுக்கும், எங்கே பாம்பு நடமாட்டம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பழைய ஆட்டோ ஒன்று வாங்கினார். முதல் ஒரு வருடம் அக்காவும் கூடவே போனார். கேட்டால், பெண்ணுக்கு அங்கே ஊக்குத் தெறித்தால் யார் தைப்பது என்பார். ஊசி, நூலோடுதான் போனார் என்பதும் உண்மை. மணப்பெண்ணின் தோழிகள் பத்துப் பேர் அண்ணனைச் சுற்றி நின்று வழி கேட்கும்போது அக்காவின் கண் எங்கே இருந்தது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

செல்போன் வந்து என் பூத்தை மூடவைத்தது. நான் ஜெராக்ஸ் மெஷின் போட்டுக்கொண்டேன். அக்கா முதல் வேலையாக அண்ணனுக்கு ஒரு நோக்கியா வாங்கிக் கொடுத்தார். காதில் சரியாகக் கேட்காத மனிதருக்கு எதற்கு போன் என்று தெருவே கேட்டது.

"அவருக்குக் கேக்கவேணாம். எனக்குக் கேட்டாப் போதும்" என்றார் அக்கா.

நேற்றைக்கு முந்தின நாள் நான் தையல்கடையில் இருந்தபோதும் அக்கா போனில் உரக்கப் பேசினார். "எங்க இருக்கீக? ... தாடிக்கொம்பா? ... தாடிக்கொம்புன்னா கோயில் மணிச்சத்தம் கேக்கணும்ல? ... அடிக்கச் சொல்லுங்க... ஐயரு வையமாட்டாரு, அடிக்கச் சொல்லுங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அக்காவின் முகம் மெல்லத் தளர்ந்தது.

"சரி, வெயில்ல நிக்காம நேரத்தோட வாங்க" என்று வைத்துவிட்டு, மெஷினுக்கடியில் காலை நீட்டி, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தார்.